நான்தான் என்று நீ சொன்னது

பெயிண்ட் அடித்த நாளெல்லாம் என் தொங்கு பலகையின் மறுமுனையில் நின்ற ஒட்டடைக்கு, உன் டின்னு வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது.

கோர்ட்டுக் கட்டடத்தின் மஞ்சளைச் சுரண்டிவிட்டு வெள்ளை அடித்தோமே, டவுன் பஸ்கள் எல்லாம் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறினவே, ஆற்றுப் பாலம் உட்கார்ந்து ஊரே படகில் போய்வந்ததே, அந்த வருஷத்து விஷயம்தான் இது. நன்றி சொல்ல இத்தனை காலம் எடுத்துக்கொண்டேன். இப்போதும் நன்றி மட்டும் சொல்லி நிறுத்த முடியவில்லை.

இதை எழுதுவது ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் நமக்கு ரத்தம் எடுக்கும் பொண்ணு. இவளுக்கு எல்லாம் தெரியும் என்பதால் கூச்சமில்லை. "மெதுவா சொல்லுங்க ஐயா, கை வலிக்குது" என்கிறாள். ஊசி குத்தும்போது நம்மிடம் சொல்வாளே, கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்று, அதையே அவளிடம் சொன்னேன். முறைக்கிறாள்.

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது அந்த வருஷம்தான் தெரிந்தது. மாத்திரை வந்துவிட்டது, இனி உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஆனால் அப்படிப் பிழைத்தவர்களுக்கு நெஞ்சும் நுரையீரலும் ரத்தமும் வயசுக்கு முந்தியே ஏன் கெடுகின்றன என்று டாக்டரம்மா ஆராய ஆரம்பித்தார். கிருமி உள்ளவன் ஒருவன், இல்லாதவன் ஒருவன், இரண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே வேலை, ஒரே புகைப்பழக்கம், அப்படி ஜோடி ஜோடியாக வேண்டும் என்றார். என்னோடு ஒரே சுவர்த்தூசியைத் தின்றவன், ஒரே பாக்கெட்டில் சிகரெட் எடுத்தவன் உன்னை விட்டால் யார்?

நாலாவது மாடி உயரத்தில், தொங்கு பலகையில் வைத்துத்தான் உன்னிடம் சொன்னேன். தரையில் சொன்னால் ஓடிவிடுவாய் என்று பயம். நீ பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்துக்கொண்டே இருந்தாய். அப்புறம், "ஊசி பெருசா இருக்குமா?" என்றாய். "டீயாவது குடுப்பாங்களாடா?" என்றாய். என் வாயிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கி நீ இழுத்தாய். எப்படி வந்தது என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்த கூத்து உனக்கு மறந்திருக்காது. நீ ஒட்டடைக் குச்சி, நான் பெயிண்ட் டின்னு மாதிரி தொந்தி. சீக்காளி நீ, துணைக்கு வந்தவன் நான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உனக்கு பெஞ்சில் இடம் விடுவார்கள், மின்விசிறியைத் திருப்பி வைப்பார்கள். சீக்காளி நான்டா, நீ எழுந்திரு என்று காதில் சொன்னால், "சும்மா இரு, காத்து நல்லா வருது" என்பாய். மூச்சுச் சோதனைக்குக் குழாயில் ஊதச் சொன்னால் என்னை ஜெயிக்க வேண்டும் என்று முகம் சிவக்க ஊதிவிட்டு இருமித் தீர்ப்பாய். இது என்ன போட்டியா என்று நர்ஸம்மா திட்டுவார்.

யாரோ பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் போட்டுக் கொடுத்தார்கள். கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "ரெண்டு பேருல யாருய்யா அந்த ஆஸ்பத்திரிக்குப் போறது?" என்று மேஸ்திரி கேட்டார். என் மகளுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்த சமயம். நான் எழுந்தேன். நீ என் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு, "நான்தான். உடம்பைப் பாத்தாலே தெரியலையா?" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்றே உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வெளியே வந்து, பொண்ணு நல்லபடியா புகுந்த வீடு போகட்டும், நீயா சொல்ற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றாய். அப்புறம் வேறு மேஸ்திரியிடம் சேர்ந்தோம். ஊர் மறந்துவிட்டது, உன் வீட்டிலாவது நீ உண்மையைச் சொல்லியிருப்பாய் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் என் நெஞ்சு ரத்தக்குழாய் ஒன்று சுருங்குவதைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். உன் நெஞ்சுப் படத்தையும் என் நெஞ்சுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டரம்மா காட்டினார். இவருடையது இப்படி இருப்பதால்தான் உங்களுடையது எங்கே வழி மாறியது என்று எங்களுக்குத் தெரிந்தது என்றார். நம்மைப் போன்ற ஜோடிகளைப் பார்த்துத்தான் என் மாதிரி ஆட்களுக்கு இப்போது முன்கூட்டியே நெஞ்சைச் சோதிக்கிறார்களாம். நான் மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறேன் என்றால் அது உன்னால்.

ஆஸ்பத்திரிச் சோதனைக்கு இந்த வருஷ முறை வந்ததும் உனக்குப் போன் போட்டேன். உன் மகன்தான் எடுத்தான். பெரியப்பா, பெரியப்பா என்று மரியாதைக்குக் குறைவில்லை. "அப்பாவை நல்லா வச்சிருக்கோம். பின்னால தனி ரூம், தனித் தட்டு, தனி டம்ளர். குழந்தையை மட்டும் கிட்ட விடறதில்லை" என்றான். இனி அத்தனை தூரம் அனுப்ப முடியாது என்றான். கடைசியில், "இத்தனை வருஷம் அவர் கூடவே துணைக்குப் போனீங்களே, அந்த மனசு யாருக்கு வரும்?" என்று எனக்கு நன்றி சொன்னான். நான் போனை வைத்துவிட்டேன். நீ போடுகிற பிரஷர் மாத்திரையைக்கூட அந்த மாத்திரை என்று நினைத்திருக்கிறான்.

அடப்பாவி, பெற்ற பிள்ளையிடம்கூடவா சொல்லவில்லை?

என் மனைவி காலமாகிவிட்டாள். நேற்று மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா போடணும் என்று கேட்டாள். பேரன் என் தட்டிலிருந்துதான் இன்றைக்கும் தின்றான். ஆகவே உன் வாக்கை நான் அவிழ்த்துவிட்டேன். இனி இந்தக் கடிதத்தில் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் மகன் கையில் கொடு. வாசிக்காமல் மடித்து வைத்தாயானால் நான் நேரில் வந்துவிடுவேன்.

தம்பி, உன் அப்பாவுக்கு எச்.ஐ.வி. இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. இருப்பது எனக்கு. ஒவ்வொரு வருஷமும் அவர் ரத்தத்தைப் பார்த்து, இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். உன் அப்பா சரி என்று சொன்னால்தான் அதை உன்னிடம் காட்ட முடியும் என்கிறாள் இந்தப் பொண்ணு. அவரைக் கூட்டிக்கொண்டு வந்து உன் கண்ணால் பார். இன்னொன்றும் தெரிந்துகொள்: இருக்கிற எனக்கே தனித் தட்டு தேவையில்லை. தட்டிலும் டம்ளரிலும் தொட்டுத் தூக்குவதிலும் இது பரவாது. உன்மேல் எனக்குக் கோபமில்லை. தெருவில் உன்னைப் பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அதைப் பொறுத்துக்கொண்ட உனக்கும் நான் கடன்பட்டவன்.

இன்று சாயங்காலமே குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வை. அவர் நல்லா இருப்பார், நீயும் உன் குடும்பமும் நல்லா இருப்பீர்கள்.

நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அன்று அந்தக் கொட்டகையில் உன் அப்பா "நான்தான்" என்று சொன்னதைக் காதால் கேட்டவர்களில் மேஸ்திரி போய்விட்டார். கொத்தனார் போய்விட்டார். டீ கொண்டுவந்த அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அது பொய் என்று சாட்சி சொல்ல உயிரோடு மிச்சம் இருப்பவன், உன் பெரியப்பா,

டின்னு.