தானாகக் கரையும் நூல்

சாலவாக்கம்,
ஐப்பசி 9.

அன்பு மகள் கீர்த்திக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் நலம், அந்தக் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். போனில் பேசினால் உன் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம். கல்யாணப் பேச்சைத் தட்டிவிட்டு நீ ஸ்வீடனுக்குப் போனதிலிருந்து அவர் உன்னோடு பேசாதது எனக்கும்தான் முள்ளாகக் குத்துகிறது.

போன வாரம் நம் செவலைப் பசு கன்று போட முடியாமல் படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் ஜெனிஃபர் வந்து பார்த்து, கன்று குறுக்கே கிடக்கிறது, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கணும், ரெண்டும் பிழைக்குமா என்று சொல்ல முடியாது என்றார். அப்பா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கன்று உயிரோடு வந்தது. கர்ப்பப்பையைத் தைக்கும்போது, "உள்ள போட்ட தையல யாரும்மா பிரிக்கிறது?" என்று அப்பா கேட்டார். "பிரிக்க வாணாம், ஆறினதும் அதுவா கரைஞ்சி பூடும்" என்றார் டாக்டர். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, எங்கள் பெண்ணும் இப்படிக் கரைகிற பொருளில்தான் மரபணுவைப் பொதிந்து உடம்புக்குள் அனுப்ப ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்றேன். கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர் அப்படியே நின்று அப்பாவுக்கு விளக்கினார். வெறும் டிஎன்ஏவை அனுப்பினால் ரத்தத்திலேயே சிதைந்துவிடுமாம், செல்லும் லேசில் உள்ளே விடாதாம், இந்த நூல் மாதிரிக் கரைகிற பாலிமர்தான் அதைப் பொத்திக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் தானும் கரைந்துபோகுமாம். "பொறவியிலயே வர்ற நோய்க்கு வழி தேடிக்கினு கீறாங்க, சின்ன வேல இல்லம்மா அது" என்றார். நீ எத்தனையோ தடவை சொன்னதுதான். ஆனால் மிச்சமிருந்த நூல் துண்டைத் தொட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சாயங்காலம் அப்பா என்னிடம் வந்து, "அவ போட்டோ எதுனா அனுப்பிச்சாளா?" என்றார். நீ அனுப்பிய, எலியின் செல்கள் பச்சையாக ஒளிரும் படத்தைக் காட்டி, மரபணு போய்ச் சேர்ந்த செல்தான் இப்படி ஒளிரும் என்று நீ சொன்னதைச் சொன்னேன். விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். "கண்ணுக்கே தெரியாத எடத்துல பூந்து வேல பண்ணிக்கினு கீறாளா இவ" என்றார். மறுநாள் காலையில் உன் நம்பரைத் தன் போனில் போட்டுத் தரச் சொன்னார்.

வேலை மும்முரத்தில் சாப்பாட்டை விட்டுவிடாதே. உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் தீர்க்காயுசாக இரு. அப்பா நம்பரிலிருந்து கூப்பிட்டால் எடு. அவர் ஒன்றும் பேசாமல் இருந்தாலும் வைத்துவிடாதே.

உன் அம்மா,
செவ்வந்தி