உதவி கேட்டு எழுதிய கடைக்காரர்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? அம்மா எப்படி இருக்கிறார்கள்? எனக்கு ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அதுவும் நல்லதுக்குத்தான்.

கடைகள் பில் போடுவதற்காக நான் எழுதிய மென்பொருளை இன்றோடு மூடுகிறேன். கூட்டாளி வேறு வேலைக்குப் போய்விட்டான். யாரும் சொல்லித்தராமல் எழுதக் கற்றுக்கொண்டேன். விற்கத்தான் கடைசிவரை வரவில்லை.

வாடிக்கையாளர்கள் எல்லாரும் விலகிய பிறகும் ஒரு மளிகைக் கடைக்காரர் மட்டும் மென்பொருளில் சந்தேகம் கேட்பதற்கான உதவிப் பெட்டியில் தினமும் கேள்வி அனுப்பினார். "சார், தப்பா போட்ட பில்லை எப்படி அழிக்கிறது?" மறுநாளும் அதே கேள்வி. நானும் சளைக்காமல் பதில் எழுதினேன். ஒருவராவது நம்மை நம்புகிறாரே என்று அதிலேயே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவர் எழுதினார்: "ரொம்ப நன்றி சார். சாப்டீங்களா? கண்ணு எரிஞ்சா வண்டிய ஓரங்கட்டிட்டுக் கொஞ்சம் தூங்குங்க."

அப்பா, எந்த மளிகைக் கடைக்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார்? காலமெல்லாம் பஸ் ஓட்டிய உங்களுக்குக் கடை ஏது?

தோற்றுவிட்ட வெட்கத்தில் உங்கள் போனை நான் எடுக்கவே இல்லை. வாடிக்கையாளர் என்றால் மட்டும் ஓடி வருவேன் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள்.

என் பழைய போர்வையை அனுப்பி வையுங்கள். இங்கே குளிர் தாங்கவில்லை. ஆபீஸ் சாவியை வாங்க இடத்துக்காரர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன்.

இனி போன் பண்ணுங்கள், எடுக்கிறேன். சார் என்று மட்டும் கூப்பிடாதீர்கள் அப்பா. டேய் என்று ஆரம்பித்து நன்றாகத் திட்டுங்கள்.

உங்கள் மகன்