தனம் போட்ட கீரைப் பாத்திகள்

அன்புத் தங்கை தனத்துக்கு,

சுங்கைப் பட்டாணி டவுன் கடைகளில் மறுபடியும் அரிசி வந்துவிட்டது. ஜப்பான்காரன் போய்விட்டான். நம் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அப்பா, அம்மா போன பிறகு அந்தச் சின்ன வீட்டில் நீயும் நானும்தானே இருந்தோம்.

அரிசி நின்றுபோன அந்த வருஷம் ஆண்களை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்கள் விடிந்ததும் கிழங்கு தேடிப் போனார்கள். பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பலகையில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்து நான் பிரம்பால் மேசையைத் தட்டி எழுப்பினேன். எனக்குக் கஞ்சி கொண்டுவந்த நீ ஒருநாள் வாசலிலேயே நின்று பார்த்தாய்.

“இது தூக்கம் இல்லண்ணே, பசி. கால பாருங்க, எல்லாருக்கும் சொறி. பின்னால குட்டையில கொசு மொய்க்குது. இங்க உக்காந்தா பாடம் எப்படி மண்டையில ஏறும்?”

“பாடம் சொல்லித் தர்றதுதான் என் வேலை. மத்ததெல்லாம் தோட்டத்து நிர்வாகம் பாத்துக்கும்” என்றேன்.

மறுநாளே நீ மண்வெட்டியோடு வந்தாய். குட்டையைத் தூர்த்தாய். தண்ணீர் தேங்காமல் ஓட வழி வெட்டினாய். பள்ளிக்கு முன்னால் வெயில் படும் இடத்தில் கீரையும் சர்க்கரைவள்ளியும் போட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுத்தாய். கிழங்குத் தோலும் அடுப்புச் சாம்பலும்தான் உரம். மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தேய்த்துக் கழுவி அதில் குடிதண்ணீர் காய்ச்சினாய். உச்சிவெயிலில் அவர்களைப் பலாமர நிழலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாய். இரண்டு மாதத்தில் வகுப்பில் தூங்குகிறவர்கள் குறைந்தார்கள். வாயே திறக்காத அஞ்சலை ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் வாசித்தாள்.

அன்று உன்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

பிறகு ஒருநாள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்தார். “ஜப்பான் ஆபிசர் வராரு வாத்தியாரே. புள்ளைங்க வரிசையா நின்னு கையக் கால ஆட்டிக் காட்டணுமாம். முன்னால எடத்த சுத்தம் பண்ணிடுங்க.”

ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையின் முற்றம் காலியாகத்தான் கிடந்தது. அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளையே கூப்பிட்டுப் பாத்திகளிலிருந்த செடிகளைப் பிடுங்கச் சொன்னேன். அஞ்சலை அழுதுகொண்டே பிடுங்கினாள். சத்தம் கேட்டு நீ ஓடிவந்தாய்.

“ஒரு வார்த்த கேட்டுப் பாத்தீங்களாண்ணே?”

“கேட்டா ஜப்பான்காரன் கன்னத்துல அறைவான்.”

“ஜப்பான்காரன விடுங்க. கிராணியக் கேக்கறதுக்குமா பயம்?”

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வருகிற கோபம். “அவ்வளவு ஆசையா இருந்தா ஆத்தோரச் சதுப்புல போய்ப் போட்டுக்கோ” என்றேன். அதிகாரி வந்தார். காரை விட்டு இறங்கக்கூட இல்லை. பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நீ சதுப்புக்குத்தான் போனாய். பிள்ளைகள் பின்னால் வந்தபோது, “அங்க கொசு கடிக்கும், யாரும் வரக் கூடாது” என்று திருப்பி அனுப்பினாயாம். மாலையில் தனியாகக் கொத்தினாய், காலையில் கீரையோடு பள்ளிக்கு வந்தாய். நானும் அதைச் சாப்பிட்டேன், தனம்.

உனக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் அதற்கான கொயினா மாத்திரை ஒன்றுகூட இல்லை. சைக்கிளில் சுங்கைப் பட்டாணிக்குப் போய், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து நாலு மாத்திரை வாங்கி வந்தேன். அதற்குள் உனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. “இன்னிக்குக் கீரைய யாரும் பறிக்கலியா? முத்திப் போயிரும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

நீ கண்ணை மூடிய பதினைந்தாம் நாள் அஞ்சலை மண்வெட்டியோடு வந்து, பள்ளிக்கு முன்னால் பழைய இடத்திலேயே கொத்த ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தண்ணீர் காய்ச்சினார்கள், நீ வெட்டிய ஓடையைத் தூர்வாரினார்கள். நான் தடுக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டங்களில் எத்தனையோ பிள்ளைகளைப் புதைத்தார்கள். நம் பள்ளியில் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

போன வாரம் பள்ளித் திறப்பு விழாவில் தோட்டத்துக் கங்காணி எழுந்து, “நம்ம புள்ளைங்க உசுரக் காப்பாத்துனது வாத்தியாரு போட்ட கீரத் தோட்டம்தான்” என்று சொல்லி எனக்கு மாலை போட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கைகூப்பி வாங்கிக்கொண்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த அஞ்சலை மட்டும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு எதிரே நின்று என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம். பாத்திகளைப் போட்டது நீ, பிடுங்கவைத்தது நான், உன்னைச் சதுப்புக்குப் போகச் சொன்னதும் நான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன். கேட்ட பிறகு தங்கள் பிள்ளைகளை என்னிடம் விடுவார்களோ, மாட்டார்களோ. விடாவிட்டாலும் சொல்வேன், தனம். இந்த முறை வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன்.

உன் வார்த்தையைக் கேட்காமல் போன உடன்பிறப்பு,
சாமிக்கண்ணு அண்ணன்