தேன்பெட்டி வண்டியின் கொக்கியை எந்தத் துளையில் பூட்டுவது என்று கேட்டு

அனுப்புநர்:
சா. ஜீனா,
தேனீ வளர்ப்பவர்,
அம்பூரி,
நெய்யாற்றின்கரை வழி.

பெறுநர்:
இணை வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.

பொருள்: என் ஜீப்பில் உயரம் மாற்றக்கூடிய இழுவைக் கொக்கியைப் பாதுகாப்பாகவும் சட்டப்படியும் பொருத்துவது எப்படி என்று நேரில் பார்த்து ஒரே பதிலாகச் சொல்லக் கோருவது.

மதிப்பிற்குரிய அய்யா,

1. எனக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும், எழுத வராது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். இது யார் மீதும் குறை சொல்லும் மனு அல்ல. யார் மீது குறை சொல்வதென்று தெரிந்திருந்தால் எனக்கு இத்தனை குழப்பம் இருந்திருக்காது.

2. என் தேன்பெட்டிகள் இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு அருமனையில், என் அக்கா வீட்டைச் சுற்றியுள்ள புரயிடத்தில் இருக்கின்றன. ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது அந்தத் தளிர்க்காம்பில்தான் தேன் ஊறும். அதற்காக வருடந்தோறும் பெட்டிகளை இந்தப் பக்கம் கள்ளிக்காட்டு ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோவோம். அந்த ஏற்றத்தில் லாரி ஏறாது, நாலு சக்கரமும் இழுக்கும் என் ஜீப் ஏறும். பெட்டிகளை அதன் பின்னால் டிரெயிலரில் வைத்து இழுத்துச் செல்வோம். ஜீப்புக்கும் டிரெயிலருக்கும் பதிவு, காப்பீடு எல்லாம் என் பெயரில் சரியாக உண்டு.

3. ஜீப் உயரம், டிரெயிலர் தாழ்வு. நேராகப் பூட்டினால் டிரெயிலரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பெட்டிகள் பின்னால் சாயும். பெட்டி சாய்ந்தால் உள்ளே அடை அறுந்து விழும், ராணி நசுங்கும், மிச்சமுள்ள ஈக்கள் கூட்டை விட்டுப் பறந்துவிடும். அதுவும் போக, முன்பக்கம் தூக்கிய டிரெயிலர் இறக்கத்தில் வாலை ஆட்டும். இதற்காகவே திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் உயரம் மாற்றும் கொக்கியை வாங்கினேன். வரிசையாகத் துளைகள் இருக்கும், வேண்டிய துளையில் இரும்புப் பின்னைப் போட்டால் அந்த உயரத்தில் நிற்கும். பம்பரில் மாட்டக் கூடாது, சேஸில்தான் போல்ட் போட வேண்டும், அடியில் இரண்டு சங்கிலியைக் குறுக்காக மாட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். அப்படியே செய்தோம்.

4. கிறிஸ்மஸ் கழிந்த வாரம் சாலைச் சோதனையில் ஓர் அதிகாரி கொக்கியைப் பார்த்தார். உயரம் மாறுகிற எதையும் ஏற்க முடியாது, ஒரே உயரத்தில் நிலையாக இருக்க வேண்டும் என்றார். அபராதம் போடவில்லை, மரியாதையாகவே பேசினார். அதற்கு நன்றி.

5. இனி நடந்தது முழுக்க எங்கள் தவறு. மறுநாள் எங்கள் திருச்சபையில் அறுப்பின் பண்டிகை. சபையின் ஜெனரேட்டர் டிரெயிலரை இழுத்துப் போவதற்காக ஜீப்பில் பூட்டி முற்றத்தில் நிறுத்தியிருந்தோம். என் கணவர் சானுவுக்கு ஒரு காரியத்தை நாளைக்கு என்று தள்ளிவைக்கத் தெரியாது. வெல்டிங்காரரை அழைத்து வந்து, ஜெனரேட்டர் பூட்டியிருந்த உயரத்திலேயே கொக்கியைப் பற்றவைத்துவிட்டார். ஜெனரேட்டர் டிரெயிலர் உயரமானது என்பது அப்போது அவருக்கு நினைவில்லை. சபைச் செயலாளர் ரெத்தினதாஸ் அண்ணன் மட்டும், "நமக்கு இது ஒத்த உயரமாக்கும் மக்கா" என்று சந்தோஷப்பட்டார். ஆண்டுக்கு ஒரு நாள் ஓடும் ஜெனரேட்டருக்கு வசதி ஆயிற்று, தேனீக்களுக்கு வழி அடைபட்டுப்போயிற்று.

6. அருமனைக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்த ஒரே ஒரு பெட்டியை ஏற்றி வீட்டுச் சரிவில் இழுத்துப் பார்த்தோம். திறந்தபோது அடை அடியில் கிடந்தது. ராணி செத்துப்போயிருந்தது. நான் அழுதேன். ஓர் ஈக்காகவா என்று தாங்கள் நினைக்கலாம். ராணி இல்லாத பெட்டி வெறும் பலகைதான்.

7. பிறகு தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். பற்றவைத்தது கூடாது, அதை எடுத்துவிட்டு முதலில் அனுமதி வாங்குங்கள் என்று ஒரு மேசையில் சொன்னார்கள். அனுமதிக்குக் கொக்கியைப் பொருத்தி வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று அடுத்த மேசையில் சொன்னார்கள். அனுமதி இல்லாமல் பொருத்தினால் ரோட்டிலேயே பிடிப்பார்கள் என்று அங்கே நின்ற இன்னொருவர் சொன்னார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்த நிலையில் நிற்கிறேன். பெட்டிகள் அந்தப் பக்கம் இருப்பதால் எல்லை தாண்டியும் விசாரித்தேன். வண்டி கேரளம், அங்கேயே கேளுங்கள் என்றார்கள். இங்கே கேட்டால், பாரம் ஏற்றுவது தமிழ்நாட்டில் அல்லவா என்கிறார்கள்.

8. என் கணவர் பற்றவைத்ததை அறுத்து எடுத்துவிட்டார். "இனி எந்த ஓட்டையிலும் போடலாம், நீ பயப்படாத ஜீனா" என்கிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது அய்யா. ஒரு தடவை சூடு ஏறி, பிறகு அறுபட்ட இரும்பு, பாரம் இழுக்கும்போது பழைய பலத்தோடு நிற்குமா என்று எனக்குத் தெரியாது. கள்ளிக்காட்டு இறக்கத்தில் டிரெயிலர் கழன்றால், கீழே பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற வழி. தேன் அடுத்த வருடமும் ஊறும். அங்கே ஒரு பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் எந்த மேசையில் போய்ச் சொல்வேன்?

9. தோட்டத்தில் தளிர் சிவந்துவிட்டது. தளிர் முற்றினால் தேன் ஊறாது. அக்கா சர்க்கரைப் பாகு வைத்து ஈக்களைப் பறந்துபோகாமல் பிடித்துவைத்திருக்கிறாள். அதற்கு மேல் அவளாலும் முடியாது.

10. ஆகவே வரும் திங்கட்கிழமை காலை ஜீப்பையும் டிரெயிலரையும் தங்கள் அலுவலக வாசலுக்குக் கொண்டுவருகிறேன். ஜீப்பில் கொக்கி பொருத்தப்பட்டிருக்காது, ஆகவே அது குற்றமாகாது என்று நம்புகிறேன். டிரெயிலரை வேறொருவரின் டிராக்டரில் பூட்டிக் கொண்டுவருவோம். கொக்கி, போல்ட், சங்கிலி, ஸ்பேனர் எல்லாம் ஜீப்பின் பின் இருக்கையில் ஒரு சாக்கில் இருக்கும். பார்த்தால் கொண்டுவராமலும் இல்லை, பொருத்தியும் இல்லை.

தாங்கள் தயவுசெய்து வெளியே வந்து ஒரு தடவை பார்க்க வேண்டும். அந்த இரும்பு ஆகாது என்றால் அங்கேயே பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர் கடையில் போட்டுவிட்டு வேறு வாங்குகிறேன். உயரம் மாற்றும் கொக்கியே கூடாது என்றால் அதை எழுதித் தாருங்கள், பெட்டிகளைத் தலைச்சுமையாகவே ஏற்றிக்கொள்கிறோம். ஆகும் என்றால், எந்தத் துளை என்று விரலால் காட்டினால் போதும். தங்கள் முன்னாலேயே பின்னைப் போட்டுப் பூட்டி, நேரே அருமனைக்குப் போய்விடுவேன். பொழுது சாய்ந்து ஈக்கள் கூடடைந்ததும் பெட்டிகளை ஏற்ற வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலில் நிற்கப்போகும்,

(ஒப்பம்)
சா. ஜீனா

இடம்: அம்பூரி
நாள்: 16.01.2025