உங்கள் அண்ணனின் புதுச் சப்பாத்து

புதுச் சப்பாத்தின் ரப்பர் வாசனை இன்னும் கூடத்தில் அடிக்கிறது. உங்கள் அண்ணனுக்கு வாங்கியது. அவருக்கு எண்பதாகிவிட்டது. இதயம் பலவீனமாகி, உடம்புக்கு வேண்டிய இரத்தத்தை இறைக்க மாட்டேன் என்கிறது. உங்களுக்கு வந்த அதே நோய். ஆனால் ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிலில் போடவில்லை. உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள்.

கூட்டிக்கொண்டு போவது நான். அவர் மகன் வேலைக்குப் போகிறான். "சின்னம்மா, அப்பாவ நீங்கதான் பாத்துக்கணும்" என்று கெஞ்சினான். நீங்கள் போன பிறகு, விதவையாய் இந்த வீட்டிலேயே தங்கி நான் தூக்கி வளர்த்த பிள்ளை. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உங்கள் அண்ணனால் குனிய முடியாது, மூச்சு வாங்கும். அதனால் அவர் காலடியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிறு கட்டிவிடுகிறேன். இதையும் செய்ய வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

அங்கே ஒரு மலாய்ப் பெண் அவரை ட்ரெட்மில்லில் ஏற்றிவிட்டு, "பெலான் பெலான், அங்கிள்" என்கிறாள். மெதுவாகத்தான், ஆனால் நடக்க வேண்டும். நோய் அடங்கியிருக்கும்போது படுத்தே கிடந்தால் கை கால் சதையெல்லாம் கரைந்துவிடும் என்று எனக்கு மலாயில் விளக்கினாள். நான் தலையாட்டினேன். சதை எப்படிக் கரையும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் உங்களுக்கு முப்பதுகூட ஆகவில்லை. நில அளவை அலுவலகத்தில் சங்கிலி பிடித்து, பத்து பெரெண்டாமிலிருந்து செமாபோக் வரை மேடு பள்ளமெல்லாம் நடந்த கால் உங்கள் கால். அது வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீக்கம் வடிந்த பிறகு காஜா பெராங் வீட்டுக்குத் திரும்பினீர்கள். ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லா டாக்டரும் அதைத்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. உங்கள் அண்ணன்தான் அதை, இனி எழுந்திருக்கவே கூடாது என்று ஆக்கினார். சோற்றுத் தட்டு கட்டிலுக்கு வந்தது. குளிக்கும் தண்ணீரும் கட்டிலுக்கு வந்தது. நீங்கள் ஒருநாள் எழுந்து நிற்கப் பார்த்தீர்கள். மறுநாளே உங்கள் சப்பாத்தைத் தூக்கி, லோரியில் மூட்டை ஏற்றும் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்.

"நல்லானதும் புதுசு வாங்கிக்கலாம்டா தம்பி. இப்ப எதுக்கு அது?"

அடியில் லாடம் அடித்த சப்பாத்து. அதைப் போட்டுக்கொண்டு அவன் நம் வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போவான். டக்கு டக்கென்று கேட்கும். "என் சப்பாத்து போவுது பாரு" என்பீர்கள், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வராது.

மெர்டேக்கா நாளன்று வீடே கொண்டாட்டம் பார்க்கப் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போயிருந்தது. கதவு சாத்திய சத்தம் கேட்டதும், "வா, நாமளும் நடப்போம்" என்றீர்கள். வெறுங்கால், என் தோளில் ஒரு கை. நின்று நின்று தெருமுனை வரை போனோம். சீனர் கடையில் கட்டியிருந்த கொடிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நெஞ்சு ஒண்ணும் பண்ணல, நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள். திரும்பி வந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கினீர்கள். நோய் வந்த நாளிலிருந்து நீங்கள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

பாதத்தில் இருந்த புழுதி காட்டிக்கொடுத்துவிட்டது. உங்கள் அண்ணன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அழுதார். தாய் தகப்பன் இல்லாத உங்களை வளர்த்து ஆளாக்கியவர், உங்கள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "இனிமே கட்டில வுட்டு எறங்க மாட்டேன்னு சொல்லுடா" என்றார். நீங்களும் சொன்னீர்கள்.

அவர்மேல் இருக்கும் கோபத்தில் பாதி உங்கள்மேலும் இருக்கிறது, அது இதற்காகத்தான். வீட்டில் யாருமில்லாதபோதெல்லாம் கெஞ்சினேன், வாசல் வரைக்குமாவது வாருங்கள் என்று. "அண்ணன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன், வுடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றினீர்கள். என்னை யார் காப்பாற்றுவது என்று ஒரு நாளாவது நினைத்தீர்களா? மழைக்காலத்தில் துணி நனைத்து உடம்பு துடைக்கும்போது, உங்கள் கெண்டைக்கால் என் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது. மழை விடுவதற்குள் நீங்களும் போய்விட்டீர்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

போன வாரம் ட்ரெட்மில்லிலிருந்து இறங்கி உட்கார்ந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "ஏம்மா, அன்னைக்கு தம்பிய நடக்க வுட்டிருந்தா, இருந்திருப்பானா?"

அதற்கான பதில் என்னிடம் இருக்கிறது. இந்த வகுப்பில் சேர்த்த அன்றே டாக்டரைத் தனியாகக் கேட்டுவிட்டேன். இப்போதுள்ள மருந்துகள் அப்போது கிடையாது, நடந்திருந்தாலும் அதிக காலம் தாங்கியிருக்க மாட்டார், ஆனால் இருந்த நாளை இன்னும் கொஞ்சம் தெம்பாகக் கழித்திருப்பார் என்றார். அதில் முதல் பாதியைச் சொன்னால் போதும், கிழவர் நிம்மதியாகத் தூங்குவார். உங்கள் தப்பில்லை அத்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வார்த்தையை நான் இன்னும் கொடுக்கவில்லை. என்னிடமேதான் இருக்கிறது.

தளர்ந்திருந்த கயிற்றைக் குனிந்து இறுக்கிக் கட்டினேன்.

"எந்திரிங்க அத்தான்" என்றேன். "இன்னும் நடக்கணும்."