அகலமா, அகலுமா?

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் உன்னைச் சளி இருமல் இல்லாமலும், வேலையில் மனக்கசப்பு இல்லாமலும், வேளாவேளைக்குச் சாப்பிட வைத்தும் காப்பாராக என்று தினமும் ஜெபிக்கிறேன், கடைசியில் சொன்னதை மட்டும் அவர் தனியாகச் செய்ய முடியாது, நீயும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, முழுச் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், முக்கால் சுகம் என்று வைத்துக்கொள். அப்பாவுக்கு இடது காது இன்னும் மந்தமாகிவிட்டது, முப்பது வருஷம் பஸ் இன்ஜினுக்குள் தலையைக் கொடுத்து வேலை பார்த்தவருக்கு வேறு என்ன ஆகும், டாக்டர் காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னார், இவரோ எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் எல்லாரும் முணுமுணுக்கிறீங்க என்று பழியை எங்கள் தலையில் போட்டுவிட்டார். எனக்குக் கடையில் வேலைக்குக் குறைவில்லை, புது ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எல்லா அறைகளுக்கும் திரைச்சீலை தைக்கிறோம், பச்சைத் துணியாகவே பார்த்துப் பார்த்து வீட்டுச் சுவர்கூட எனக்குப் பச்சையாகத் தெரிகிறது. போனில் பேசலாம் என்றால் மூன்றாவது நிமிஷமே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஒரு பெரிய குழப்பத்தில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறேன், அதை நீ ஒருத்தன்தான் தீர்க்க முடியும். விஷயம் உன் பாட்டைப் பற்றி, அதைவிட உன் தங்கச்சியைப் பற்றி.

குட்டி எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்றே சொல்லி வந்தேன், அது பொய்தான், மன்னித்துக்கொள். குழந்தை வயிற்றிலேயே போய் ஏழு மாதம் ஆகிறது. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். சபையில் வாசித்துக்கொண்டிருந்த கீபோர்டைக் கட்டில் விரிப்பால் சுற்றி அலமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டாள், மாப்பிள்ளை ஒருநாள் அதைத் துடைக்க எடுத்ததற்கே அவரோடு ஒரு வாரம் பேசவில்லையாம். அவர் தங்கமான மனுஷன், பெயின்ட் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து அவரே சமைத்து வைத்துவிட்டு, இவள் சாப்பிட்டாளா இல்லையா என்று தட்டைப் பார்த்துப் பார்த்தே இளைத்துவிட்டார். ஏன் சபைக்கு வரமாட்டேன் என்கிறாய் என்று நான் ஒருநாள் சண்டைக்கே போனேன். அதற்கு அவள், அங்க வந்தா எல்லாரும் சேர்ந்து என்னைப் பாட்டாலேயே அடிக்கிறாங்கம்மா, விடியும் மாறும் தீரும்னு பாடுறாங்க, எப்பன்னு மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க என்றாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, விசுவாசம் இருந்தா இப்படிப் பேசுவியா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் என் டம்ளரை எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள்.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். நீ பதினேழு வயதில் எழுதின அந்தப் பாட்டை நம் சபையில் இன்னும் விடவில்லை, யாருக்காவது வேலை போனாலும் அதுதான், ஆபரேஷன் என்றாலும் அதுதான், அடக்க ஆராதனையிலும் அதுதான். பதிமூன்று வருஷமாக "இருள் அகலும், இருள் அகலும், என் கர்த்தர் கையில் விளக்கு" என்று பாடிப் பாடி எல்லோருக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும் என்றுதான் நினைப்போம், ஆனால் திரையில் வரி வராவிட்டால் ஒருத்தர் வாயும் திறக்காது. போன மாதம் சபைக் கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது, உள்ளே இருந்த பாட்டெல்லாம் போச்சு. முன்பு பாட்டுகளை அடித்து வைத்திருந்த பேங்க் அக்காவும் மாற்றலாகிப் போய்விட்டாள், நம்பரும் மாறிவிட்டது. அதனால் பாஸ்டர் ஆளுக்குப் பத்துப் பாட்டு என்று பிரித்துக் கொடுத்தார், என் பிள்ளை பாட்டை நான்தான் அடிப்பேன் என்று நான் முந்திக்கொண்டு வாங்கினேன். பரணில் இருந்து உன் நீல அட்டை நோட்டை எடுத்து, கடையில் சாப்பாட்டு நேரத்தில், ஒரு பக்கம் ஆர்டர் சீட்டு ஒரு பக்கம் உன் நோட்டு என்று வைத்துக்கொண்டு, ஒரு விரலால் தட்டித் தட்டி அடித்து முடித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கெஞ்சிக் கூத்தாடி குட்டியைச் சபைக்கு அழைத்துப் போனேன். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்தாள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிறவள் மாதிரி. பாட்டு நடத்தினது மைக் மாமா, உனக்கு அவரைத் தெரியுமே, எலக்ட்ரீஷியன், மைக்கைக் கையில் வாங்கினால் திருப்பித் தருவதே கிடையாது. உன் பாட்டு வந்தது, திரையில் வரியைப் போடுவதும் அன்றைக்கு நான்தான், பெருமையோடு பட்டனை அமுக்கினேன், பல்லவி வந்தது, சபை முழுக்க எழுந்து நின்று கையை உயர்த்தி, இருள் அகலம், இருள் அகலம் என்று பாடுகிறது! திரையில் "அகலம்" என்று இருக்கிறது, லு இல்லை, ல. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. மைக் மாமா இரண்டு தடவை அதையே பாடிவிட்டு மூன்றாவது தடவைதான் என்னைப் பார்த்து முறைத்தார். உன் அப்பா மட்டும் கண்ணாடி போடாமல் வந்ததால் பழைய மாதிரி அகலும் என்று எல்லோருக்கும் முன்னால் ஒற்றையாகக் கத்திக்கொண்டிருந்தார், மற்றவர்கள் அவரைத்தான் தப்பாகப் பாடுகிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள். நான் குட்டியைப் பார்த்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள், ஏழு மாதத்துக்கு அப்புறம் சிரிக்கிறாள். அப்புறம் பார்த்தால் அது சிரிப்பு இல்லை. அப்புறம் எழுந்து நின்றாள், நின்று, அந்தத் தப்பு வார்த்தையை வாய் திறந்து பாடினாள்.

ஆராதனை முடிந்ததும் மைக் மாமா எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார், நாள் பூரா ஜன்னல் அகலம் கதவு அகலம்னு எழுதுற கை, ஆண்டவர் பாட்டுக்கும் அளவு எடுத்துடுச்சு என்று ஒரே கேலி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆர்டர் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தால் வேறு என்ன வரும். அடுத்த வாரம் திருத்திவிடுகிறேன் என்று பாஸ்டரிடம் சொன்னேன். வீட்டுக்கு நடந்து வரும்போது குட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அம்மா அதை மாத்தாத, அகலம்தான்மா அது, எவ்வளவு அகலம்னு எனக்குத்தான் தெரியும், அகலும் அகலும்னு பாடுறப்பெல்லாம் எனக்கு மட்டும் ஏன் இன்னும் அகலலைன்னு இருக்கும், இவ்வளவு அகலமான இருட்டுல அவர் கையில ஒரு விளக்கு இருக்குன்னு சொன்னா அதை நான் நம்புவேன் என்றாள். வீட்டுக்குப் போனதும் கீபோர்டை வெளியே எடுத்துத் துடைத்தாளாம், மாப்பிள்ளை உடனே போன் பண்ணிச் சொன்னார். வருகிற ஞாயிறு நானே வாசிக்கிறேன், ஆனால் அந்த வார்த்தை அப்படியே இருக்க வேண்டும், மாத்தினால் நான் வரமாட்டேன், இதுதான் அவள் பேச்சு.

பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர்தான், கண் கலங்கிவிட்டார், ஆனாலும் தலையைச் சொறிந்தார். கஷ்டத்துல வர்ற ஜனங்ககிட்ட இருட்டு ரொம்பப் பெரிசுன்னு நாமே பாடலாமாம்மா, நம்பிக்கை குடுக்கத்தானே பாட்டு என்றார். அதுவும் சரியாகத்தான் படுகிறது. வீட்டுக்கு வந்து குட்டி முகத்தைப் பார்த்தால் அவள் சொல்வது சரியாகப் படுகிறது. கடைசியில் அவர், எழுதினவன் உசிரோடதானே இருக்கான், அவன் என்ன எழுதினானோ அதையே போடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் என்று முடித்துவிட்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. நீ எழுதினது அகலும் என்று ஊருக்கே தெரியும், நோட்டைக் காட்டிக் குட்டியைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து வந்த கையோடு நோட்டைத் திறந்தேன். மகனே, நோட்டில் அகலம் என்றுதான் இருக்கிறது. மூன்று இடத்திலும். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்பாவையும் பார்க்கச் சொன்னேன். அதே பக்கத்தில் "புயல் கடந்து செல்லும்" என்று ஒரு வரி இருக்கிறது, அங்கே லுவுக்கு வால் பக்கத்து வார்த்தை வரைக்கும் நீட்டி எழுதியிருக்கிறாய், ஆக உனக்கு லு எழுதத் தெரியாமல் இல்லை. நான் தப்பு பண்ணவில்லை, உள்ளதை உள்ளபடி அடித்திருக்கிறேன். பேங்க் அக்காதான் சின்னப் பையன் எழுத்துப்பிழை விட்டுட்டான் என்று அன்றைக்குத் திருத்தியிருக்க வேண்டும்.

இப்போதுதான் எனக்குத் தலை சுற்றுகிறது. அவள் திருத்தினாள் என்றால் நீ ஏன்டா வாய் திறக்கவில்லை? வெளிநாடு போகிற வரைக்கும் வாரா வாரம் கிட்டாரோடு முன்னால் நின்று, நீ எழுதாததை நாங்கள் பாட, பார்த்துக்கொண்டே வாசித்தாயா? அப்பா, அவனுக்குத் தமிழ்ல என்னைக்கு நல்ல மார்க் வந்துச்சு, பிழையாத்தான் இருக்கும் விடு என்கிறார். இருக்கலாம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. ஆனால் நீ அதை எழுதின வருஷத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நீ கதவைச் சாத்திக்கொண்டே இருந்தாய், இரண்டு மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் யூனிபார்மோடு குப்புறப் படுத்துக்கொள்வாய், என்னடா என்றால் ஒன்றுமில்லை என்பாய். நான் பரீட்சை பயம் என்று நினைத்தேன். எல்லாம் சரியாயிடும், எழுந்து முகத்தைக் கழுவு என்று கதவுக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விட்டேன். ஊரில் எத்தனையோ வீட்டு ஜன்னலுக்கு ஏணி போட்டு ஏறி அளவு எடுத்திருக்கிறேன், என் வீட்டு அறைக்குள் ஒரு தடவை வந்து உட்கார எனக்கு நேரமில்லாமல் போயிருக்கிறது. ஒருவேளை நான் ஒன்றுமில்லாததைப் பெரிதாக்குகிறேனோ என்னவோ, வயதாக ஆக இப்படித்தான் கண்டதையும் நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு உன் குப்புறப் படுத்த முதுகுதான் ஞாபகம் வருகிறது.

இதைத் தபாலிலும் போடுகிறேன், அது வந்து சேர்வதற்குள் ஞாயிறு போய்விடும் என்பதால் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்தும் அனுப்புகிறேன், நடுவில் என் விரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, அந்தப் பழைய ஸ்வெட்டரின் கை பிரிந்திருக்கும், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு. தங்கச்சிக்கு நீயாக ஒரு போன் பண்ணு, ஆறுதல் எதுவும் சொல்லாதே, சும்மா பேசு, போதும். அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார், கத்தித்தான் சொன்னார், உனக்கு அங்கேயே கேட்டிருக்கும். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சி, அதற்குள் எனக்குப் பதில் வேண்டும், மறந்துவிடாதே. நீளமாக எழுத உனக்குப் பொறுமை இருக்காது என்று தெரியும், ஒரே ஒரு எழுத்து போதும். லு என்றால் லு என்று அனுப்பு, நான் திருத்திவிட்டுக் குட்டியிடம் எப்படியாவது பேசிப் பார்க்கிறேன். ல என்றால் எழுதி அனுப்பாதே ராசா, கூப்பிடு. கடையில் இருந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டு எடுப்பேன். சரியாயிடும் என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு அகலம் என்று மட்டும் கேட்பேன், நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் போனை வைக்க மாட்டேன்.

உனக்காக எப்போதும் ஜெபிக்கிற,
உன் அம்மா