வயிறு நீரோட்டப் பக்கம்

சான் ஹசிந்தோ, நாப்போ ஆறு
மார்ச் பதினாறு

அன்பு மகன் ஹெனெரோவுக்கு, அப்பா எலெயூத்தெரியோ ஆசியோடு சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீயும் லீமாவில் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல, சுகாதார நிலையத்து நர்ஸ் மிர்த்தா எழுதுகிறாள். முடித்ததும் திரும்ப வாசிக்கச் சொல்வேன். ஒரு சொல் குறைந்தாலும் பிடித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஆறு ஏறியிருக்கிறது. வாழைத்தோட்டம் பாதி தண்ணீருக்குள். தண்ணீர் ஏறினால் பாம்பும் வீட்டுக்குள் ஏறும் என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலையத்தில் பாம்புக்கடி மருந்து இரண்டே குப்பி. அடுத்த குப்பி படகில் இரண்டு நாள் தூரம். சூடேறினால் அது மருந்தில்லை, வெறும் தண்ணீர். அதனால் குளிர்பெட்டியிலேயே இருக்க வேண்டும். கூரைமேல் இருக்கும் சூரியத் தகட்டிலிருந்து குளிர்பெட்டிக்கு மின்சாரத்தைத் திறந்து மூடுவது சுவரில் மாட்டிய சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதியது உன் தங்கை நேரிதா. நிலையத்துக்குக் காவல் நான்.

போன மாதம் புதுப் புரோகிராம் ஒன்றை, இக்கித்தோஸில் அவள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து, ரேடியோவில் அனுப்பினார்கள். நம் ஆற்று ரேடியோ எவ்வளவு மெதுவானது என்று உனக்குத் தெரியும். முதலில் செய்தது ஆறு நாள் அனுப்பினாலும் வந்து சேராத அளவு பெரிது. ஏன் இத்தனை பெருசு என்று கேட்டேன். நேரிதா சொன்னாள்: "நான் எழுதுற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேரு வச்சிருக்கேன்ப்பா. எந்த வரி எங்க இருக்குன்னு குறிப்பும் உள்ளயே கிடக்கு. அதெல்லாம் எனக்குத்தான். பெட்டிக்கு எதுவும் வேணாம். அதுக்கு இடத்தோட எண்ணு தெரிஞ்சாப் போதும்." பெயரையும் குறிப்பையும் எல்லாம் உரித்துவிட்டு மிச்சத்தை அனுப்பினாள். ஒரே மத்தியானத்தில் ஆற்றோரத்துப் பதினான்கு நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு மேலே இருக்கும் இஞ்சினியர் உகார்த்தே மட்டும் முணுமுணுத்தாராம். "நாளைக்கு அது ஓடாம நின்னு விழுந்தா, எந்த வரியில விழுந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப? நீதான் பொறுப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

விழுந்தது நம் ஊர்ப் பெட்டிதான். போன செவ்வாய்க்கிழமை விடிந்ததும். மிர்த்தா பிரசவம் பார்க்க மேல்கரைக்குப் போயிருந்தாள். பெட்டி அணைந்தது, தானே எழுந்தது, மறுபடி அணைந்தது. அணைவதற்கு முன் அதன் சின்னக் கண்ணாடித் திரையில் ஐந்து குறி வந்து நின்றது. பத்து மூச்சு விடும் நேரம்தான். மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அதே ஐந்து.

கரியால் சுவரில் வரைந்திருக்கலாமே என்று மிர்த்தா இப்போது கேட்கிறாள். என் கை பென்சில் பிடித்த கையில்லை. கண்ணை நம்புவேன், கையை நம்பமாட்டேன். குளிர்பெட்டிக் கதவைத் திறக்காமல் கயிற்றால் கட்டிவிட்டு ஊர்த்தலைவர் வீட்டு ரேடியோவுக்கு நடந்தேன். கதவு மூடியிருந்தால் குளிர் சாயங்காலம் வரை தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

நேரிதா ரேடியோவில் வந்தாள். எண்கள் எனக்குத் தெரியும், சொன்னேன்: நாலு, ஒன்று. மூன்றாவது எழுத்து. "ஒரு கம்பு நிக்குது, அதோட ஒரு வயிறு ஒட்டியிருக்கு" என்றேன். கீழ்நிலையத்தில் எவனோ ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தவன், "எத்தனாவது மாசம் பெரியவரே?" என்றான். ஆறு முழுக்கச் சிரித்தது. நேரிதா சிரிக்கவில்லை. "வயிறு எந்தப் பக்கம்ப்பா? b-யா d-யாங்கிறது அதுலதான் இருக்கு" என்றாள். எனக்கு இடமும் வலமும் கொஞ்சம் தடுமாறும். "நம்ம படித்துறையில ஆத்தைப் பாத்து நின்னா, தண்ணி போற பக்கம்" என்றேன். "புரிஞ்சிடுச்சு, மேல சொல்லுங்க" என்றாள். அடுத்து ஏழு. கடைசியில் தலை வளைந்த கைத்தடி, நடுவில் குறுக்கே ஒரு குச்சி.

புரோகிராமில் எந்த இடத்தில் விழுந்தது என்று காட்டுவது அந்த ஐந்து குறிதான். அங்கே இக்கித்தோஸில் உகார்த்தே, அன்றைக்குக் காலையில் பெயரும் குறிப்பும் சேர்த்துப் புதிதாகச் செய்த ஒரு பிரதியில் அந்த இடத்தைத் தேடினார். விளக்கு மினுக்குகிற வரியில் போய் நின்றது. விளக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரேடியோ திறந்தே இருந்தது, எல்லாம் என் காதில் விழுந்தது. "எழுத்தே தெரியாத பெரியவரு. வயித்தை மாத்திப் பாத்திருப்பாரு. இதுக்குத்தான் உரிக்காதேன்னு சொன்னேன்" என்றார்.

மகனே, அப்போது அவள் சொன்னதை நான் சாகும்வரை வைத்திருப்பேன். "எங்கப்பா மாத்திச் சொல்ல மாட்டாரு சார். மாறினது உங்க பிரதி. மறுபடி செஞ்சா வரியெல்லாம் இடம் நகர்ந்துடும். அனுப்பினதோட கூடப் பிறந்தது ஒண்ணுதான், அதுலதான் தேடணும்." உரிப்பதற்கு முன்னால், அதே நாளில், பெயரோடும் குறிப்போடும் ஒரு முழுப் பிரதியை அவள் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அதில் தேடினாள். நான் ஒரு வாய் கடுங்காப்பி குடித்து முடிக்கவில்லை, இடம் கிடைத்துவிட்டது.

வெப்பமானி பதில் சொல்லாமல் போனால் என்ன செய்வது என்று அவள் எழுதாமல் விட்ட இடம். ரேடியோவில், பதினான்கு நிலையமும் கேட்க, "தப்பு என்னோடதுதான்ப்பா" என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது அங்கேதான், கண்டுபிடித்த இடத்தில் இல்லை.

வெப்பமானிக் கம்பியைப் பார்க்கச் சொன்னாள். நிலையத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன், எறும்பு தின்றிருந்தது. நுனியைச் சுரண்டி முறுக்கிக் கட்டினேன். பெட்டி எழுந்தது, அப்புறம் படுக்கவில்லை. மத்தியானம் திருத்திய புரோகிராமும் வந்துவிட்டது, இனி எந்த ஊரில் எறும்பு தின்றாலும் பெட்டி விழாது. மிர்த்தா வந்து கயிற்றை அவிழ்த்து, "குளிர் அப்படியே இருக்கு, பெரியவரே" என்றாள். இப்போது அனுப்புகிற எல்லாவற்றுக்கும் முழுப் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று உகார்த்தே கட்டளை போட்டிருக்கிறாராம், தானே யோசித்தது மாதிரி.

இதையெல்லாம் உனக்கு ஏன் சொல்கிறேன் என்று நினைப்பாய். நேரிதாவைப் படிக்க அனுப்ப நான் படகு மோட்டாரை விற்றேன். அது உனக்கு வர வேண்டியது. நீ அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனாய். நான்கு வருடம் ஆகிறது. எனக்கு வருகிற உன் கடிதங்களில் அவள் பெயர் இருப்பதில்லை. நானும் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்றைச் சொல்லவில்லை. அது மிர்த்தா எழுதுகிற சங்கதியில்லை, நீ வரும்போது நானே சொல்வேன்.

ரேடியோவை அணைப்பதற்கு முன் அவள் கேட்டாள்: "அண்ணன் என்னைப் பத்தி ஏதாவது விசாரிச்சாராப்பா?" ஆறு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. விசாரித்தான் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் தப்பு. அதை நீ சரியாக்கிவிடு, பெரியவனே.

கடவுள் உன் கையையும் காலையும் காக்கட்டும்.

உன் அப்பா,
எலெயூத்தெரியோ கொக்கின்சே
(பெருவிரல் ரேகை)